ஒயில் மீற்றருக்குச் சோடி பார்ப்பது

"தம்பி, ஒயில் பம்பு போயித்து. நாளைக்கு ஐஸ் ஏத்தணும், ஒருக்கா வந்து பாருங்க" என்று காக்கா (அண்ணனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) போனில் சொன்னார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் அவருடைய ஆழ்கடல் போட் கட்டியிருந்தது. நான் போனபோது எஞ்சினைத் தூக்கச் செயின் புளொக் கொண்டுவர ஆள் போயிருந்தார். அந்தப் போட்டில் எஞ்சினைத் தூக்காமல் சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டை, கழற்ற முடியாது. சம்பைக் கழற்றாமல் பம்பைப் பார்க்க முடியாது. குறைந்தது மூன்று நாள் வேலை.

"ஒருக்கா சாவியத் திருப்பிக் காட்டுங்க காக்கா" என்றேன். எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும் போட்டது. ஒயில் மீற்றரின் ஊசி பாய்ந்து 80ஐத் தாண்டி நின்றது. ஸ்டார்ட் பண்ணினார். ஊசி 60 பக்கம் இறங்கியது. ரேஸ், அதாவது எஞ்சின் வேகம், கூட்டக் கூட்ட இன்னும் இறங்கி 20க்கு வந்தது.

"பாத்தீங்களா, ஓட ஓடப் பிரஷர் விழுது!"

"இந்த மீற்றர் எப்ப போட்டது காக்கா?"

"போன கிழமை. பழையதுக்குக் கண்ணாடிக்குள்ள தண்ணி போயித்து."

அதைக் கேட்டதும் செயின் புளொக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஞ்சினில் இருந்து மீற்றருக்குப் பிரஷரைச் சொல்லும் செண்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் நேரடியாக ஒயில் ஏறும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். ரேஸில் 4 பார் (பார் என்பது பிரஷரின் அலகு). பம்பில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினில் இருந்த செண்டர் ஒரு குடும்பம், புதிதாக வாங்கிய மீற்றர் இன்னொரு குடும்பம். அவ்வளவுதான் நடந்தது.

வாழைச்சேனையிலும் கல்முனையிலும் ஒலுவிலிலும் படகு வயரிங் வேலைக்குப் போகும்போது இதே கதையை வேறு வேறு உருவத்தில் பார்க்கிறேன். சில இடங்களில் நல்ல எஞ்சினைக் கழற்றி விடுகிறார்கள். இன்னும் சில இடங்களில் ஊசி நிறையக் காட்டுகிறது என்று நம்பிப் போய், கடலில் பெயாரிங் சிக்கி எஞ்சின் நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். ஆகவே, புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கும் வேலை பழகும் தம்பிமாருக்கும் விளங்குகிற மாதிரி அடியிலிருந்து எழுதுகிறேன். இது உள்ளே பூட்டும் டீசல் எஞ்சின்களுக்கு. பின்னால் கொளுவும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஒயில் எரிபொருளோடு கலந்தே போகிறது. அங்கே ஒயில் பிரஷர் என்று அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் ஹோஸ் நுனி திறந்திருந்தால் தண்ணீர் சும்மா கொட்டும். நுனியை விரலால் அரைவாசி அடைத்தால் சீறிப் பாயும், ஹோஸ் விறைக்கும். பம்பு இரண்டு தரமும் ஒன்றுதான். விரல் கொடுத்த தடைதான் பிரஷரை உண்டாக்கியது. எஞ்சினுக்குள் அந்த விரல் வேலையைச் செய்வது பெயாரிங்குகளில் உள்ள மெல்லிய இடைவெளி. கிராங்க் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய இடத்தில் ஒயில் புகுந்து தண்டைத் தூக்கி வைத்திருக்கிறது. பெயாரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், பிரஷர் குறையும். ஒயில் சூடேறி இளகினாலும் குறையும். டீசல் கசிந்து ஒயிலோடு கலந்தாலும் அப்படித்தான். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஒயில் தடிப்பாக இருப்பதால் பிரஷர் மேலே நிற்கும். அளவு மீறிப் போகாமல் ரிலீஃப் வால்வு ஒன்று திறந்து மிச்சத்தைச் சம்புக்கே திருப்பி விடும்.

இந்தப் பிரஷரை ஓட்டுகிறவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, மெல்லிய குழாய் போட்டு ஒயிலையே மீற்றர் வரை கொண்டுபோவது. வளைந்த செப்புக் குழாய் ஒன்று பிரஷரில் நிமிர்ந்து ஊசியைத் தள்ளும் அந்தக் கேஜ் 1849இல் பிரான்சில் பூர்டோன் என்பவர் காப்புரிமை எடுத்தது. இன்றைக்கும் சரி பிழை பார்க்க அதைவிட நம்பகமான சாமான் இல்லை. என் பெட்டியில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆனால் சுக்கான் அறைவரை குழாய் இழுத்தால், அது அறுந்த அன்றைக்குக் கொதிக்கும் ஒயில் ஆள்மேல் அடிக்கும். நிரந்தரமாகப் போட நான் சொல்ல மாட்டேன்.

மற்ற வழிதான் செண்டர். எஞ்சினின் பக்கத்தில், ஒயில் ஓடும் வழியில் துளை போட்டு முறுக்கியிருக்கும் சின்ன டப்பா. எங்கள் பக்கத்தில் இதை ஒயில் சென்சர் என்றும் சொல்வார்கள், சுவிட்ச் என்றும் சொல்வார்கள். சுவிட்ச் வேறு சாமான், அதைப் பிறகு சொல்கிறேன். பழுதான செண்டர் ஒன்று கிடைத்தால் அதன் தகர விளிம்பை நெம்பித் திறந்து பாருங்கள். ஒரு முறை பார்த்தால் பிறகு மறக்காது. அடியில் மெல்லிய தகட்டுச் சவ்வு. ஒயில் அதைக் கீழிருந்து தள்ளும். சவ்வின் மேல் ஒரு சிறிய கை. அந்தக் கை நகரும்போது, கம்பி நெருக்கமாகச் சுற்றிய ஒரு பட்டைமேல் வழுக்கிப் போகும். கை நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் மாறும், அதாவது தடை மாறும். தடையை அளக்கும் அலகுதான் ஓம்.

இவ்வளவும் விளங்கினால் மிச்சம் சுலபம். சுக்கான் அறையில் உள்ள மீற்றருக்கு ஒயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் போகும் வயரில் எத்தனை ஓம் என்பதை மட்டும் அது பார்க்கிறது. இத்தனை ஓம் என்றால் இத்தனை பார் என்று யாரோ தொழிற்சாலையில் தட்டில் கோடு போட்டு விட்டார்கள். செண்டர் செய்தவரும் கோடு போட்டவரும் ஒரே கணக்கை வைத்திருந்தால்தான் ஊசி உண்மை சொல்லும்.

அந்தக் கணக்கு உலகத்தில் முக்கியமாக இரண்டு. ஐரோப்பியக் கணக்கில், விடிஓ முதலிய கம்பனிகளின் மீற்றர்களில், பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 180 ஓம். பிரஷர் ஏற ஓமும் ஏறும். அமெரிக்கக் கணக்கு அதற்குத் தலைகீழ். பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழுப் பிரஷரில் 33 ஓம். பிரஷர் ஏற ஓம் இறங்கும்.

இப்போது காக்காவின் மீற்றருக்குத் திரும்பி வாருங்கள். செண்டர் ஐரோப்பியம், 5 பார் வரை அளப்பது. மீற்றர் அமெரிக்கம், 80 பிஎஸ்ஐ (பிரஷரின் இன்னொரு அலகு) வரை கோடு போட்டது. எஞ்சின் நிற்கும்போது செண்டர் 10 ஓம் கொடுத்தது. மீற்றருக்கு 33 ஓமே முழுப் பிரஷர், அதிலும் குறைவென்றால் ஊசி 80ஐத் தாண்டத்தானே செய்யும். ரேஸில் உண்மையான பிரஷர் 4 பார், அதாவது 58 பிஎஸ்ஐ. அப்போது செண்டர் ஏறக்குறைய 150 ஓம் கொடுக்கும். அமெரிக்கத் தட்டில் 150 ஓம் விழும் இடம் 20. பிரஷர் ஏறுவதை அந்த மீற்றர் இறங்குவதாகக் காட்டியது. எஞ்சின் நிற்கும்போது ஊசி மேலேயும் ஓடும்போது கீழேயும் போனால், சோடி மாறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சோடி மாறினாலும் இப்படித் தலைகீழாக ஓடினால் நல்லது, யாருக்கும் சந்தேகம் வரும். சந்தேகமே வராத இன்னொரு பிழை உண்டு. ஐரோப்பியக் குடும்பத்துக்குள்ளேயே 5 பார் செண்டரும் இருக்கிறது, 10 பார் செண்டரும் இருக்கிறது. இரண்டும் 10 ஓமில் தொடங்கி 180ஐ ஒட்டி முடிகின்றன. வெளித்தோற்றமும் அநேகமாக ஒன்றுதான். 5 பார் தட்டுள்ள மீற்றருக்கு 10 பார் செண்டரைப் போட்டால் ஊசி ஒழுங்காக ஏறும், ஒழுங்காக இறங்கும், ஆனால் உள்ளதில் பாதிதான் காட்டும். 4 பார் இருக்கும், 2 என்று சொல்லும். அதைப் பார்த்து, பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று தடிப்பான ஒயில் ஊற்றத் தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். மாறிப் போட்டால் இன்னும் மோசம். 10 பார் மீற்றருக்கு 5 பார் செண்டர் இரட்டிப்பாகக் காட்டும். உண்மையில் 1 பார்தான் மிச்சம் இருக்கிறது, ஊசி 2 என்கிறது, ஓட்டுகிறவர் நிம்மதியாக இருக்கிறார். ஆகவே செண்டர் வாங்கும்போது ஓம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை பாருக்கு என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அறுகோணத் தலையிலோ டப்பாவின் ஓரத்திலோ அடித்திருப்பார்கள். கிறீஸைத் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள்.

தட்டில் உள்ள எழுத்தும் குழப்பும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஜப்பான் எஞ்சின்களின் கேஜில் சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ என்று இருக்கும். அதன் 1ஐ 1 பார் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான்.

சுவிட்ச் என்று சொன்னேன் அல்லவா. அது தடை மாறும் சாமான் இல்லை. திறக்கும் அல்லது மூடும், வேறு வேலை தெரியாது. சாதாரணமாக எஞ்சின் நிற்கும்போது மூடியிருக்கும், அதனால் சாவி போட்டதும் சிவப்பு லைட் எரியும், அலாரம் கத்தும். பிரஷர் அரை பாரை ஒட்டி வந்ததும் திறந்துகொள்ளும், லைட் அணையும். உருவத்தில் சிறியது, ஒற்றை ஊசி முனை. சுவிட்ச் இருந்த ஓட்டையில் செண்டரைப் போட்டு, லைட்டுக்குப் போன வயரையே மீற்றருக்குக் கொளுவிவிட்டு அலாரம் இல்லாமல் ஓடும் போட்டுகளைக் காண்கிறேன். இரண்டும் வேண்டும் என்றால் ஒரே உடலில் இரண்டும் சேர்ந்த செண்டர் கிடைக்கிறது. விடிஓ வகையில் அதற்கு இரண்டு முனை. ஜி என்று எழுதியது மீற்றருக்கு, டபிள்யூகே என்று எழுதியது அலாரத்துக்கு. மாற்றிக் கொளுவினால் அலாரம் ஒழுங்காகக் கத்தாது, மீற்றரும் ஒழுங்காகக் காட்டாது.

கையில் கிடைத்த சாமான் எது என்று கண்டுபிடிக்க மல்ட்டிமீற்றர் போதும். எஞ்சினை நிறுத்தி, செண்டரின் வயரைக் கழற்றி, ஒரு முனையைச் செண்டரின் முனையிலும் மற்றதை அதன் உடம்பிலும் வைத்து ஓம் பாருங்கள். 10ஐ ஒட்டி வந்தால் ஐரோப்பியம். 240ஐ ஒட்டி வந்தால் அமெரிக்கம். பூச்சியம் வந்தால் பெரும்பாலும் அது சுவிட்ச். ஒன்றுமே வராவிட்டால் செத்த செண்டராக இருக்கலாம், அல்லது உடம்பை ஏர்த்தாகப் பாவிக்காத இரட்டை முனைச் செண்டராக இருக்கலாம். அப்படியென்றால் இரண்டு முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். மூன்று வயர் போகும் பிளக் இருந்தால் அது கொம்பியூட்டர் எஞ்சினின் சென்சர். அதை வெட்டி மீற்றருக்கு இழுக்காதீர்கள்.

மீற்றரைச் சோதிக்க இன்னும் மலிவான வழி இருக்கிறது, நான் பழக்கும் எல்லாத் தம்பிமாருக்கும் முதலில் கொடுப்பது இதைத்தான். ரேடியோ திருத்தும் கடையில் 10, 82, 180 ஓம் ரெசிஸ்டர் மூன்று வாங்குங்கள். எல்லாம் வழமையாகக் கிடைக்கும் அளவுகள். செண்டரின் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஒவ்வொன்றாக வைத்துச் சாவியைப் போடுங்கள். ஐரோப்பிய 5 பார் மீற்றர் என்றால் 10 ஓமில் ஊசி பூச்சியம், 82இல் 2 பார், 180இல் தட்டின் கடைசி. இப்படி வந்தால் மீற்றரும் வயரும் நல்லது, குறை செண்டரில் அல்லது எஞ்சினில். அமெரிக்க மீற்றருக்கு 33உம் 100உம் 220உம் வைத்துக்கொள்ளுங்கள். 33இல் கடைசி, 100இல் நடு, 220இல் பூச்சியத்துக்குக் கிட்ட. எஞ்சினை ஓட்டாமலே ஐந்து நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீரும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். செண்டரில் கரண்ட் வருகிறதா பார்க்கிறேன் என்று பற்றரியின் பிளஸ் வயரை அதன் முனையில் தொட்டுப் பார்ப்பது. 10 ஓம் உள்ள செண்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் 14 வாட்டுக்கு மேல் அந்த மயிர்க் கம்பியில் எரியும். ஒரு கணத்தில் கருகிவிடும். மீற்றர் வழியாக வரும் சிறு மின்சாரத்துக்கு மட்டும் செய்த சாமான் அது.

இனி, வயர் அறுந்தால் ஊசி எங்கே போகும்? இதைத் தெரியாமல் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது என் கருத்து. வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். அமெரிக்க மீற்றரில் கூடிய ஓம் என்றால் பூச்சியப் பிரஷர், ஆகவே ஊசி கீழே விழும், ஓட்டுகிறவர் பதறி எஞ்சினை நிறுத்துவார். அது பாதுகாப்பான பக்கம். ஐரோப்பிய மீற்றரில் கூடிய ஓம் என்றால் முழுப் பிரஷர். வயர் அறுந்தால் ஊசி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஏர்த் வயர் உப்பில் அரித்துப் பாதி அறுந்தாலும் ஓம் கூடித்தானே வரும், அப்போது ஊசி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிக்கொண்டே இருக்கும். பிரஷர் நல்லாக இருக்கிறது என்று நினைக்க வைக்கும் பிழை அது. சாவி போட்டதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமுன், ஊசி பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தரமும் பாருங்கள். நின்ற எஞ்சினில் ஊசி பூச்சியத்தைத் தவிர வேறு எங்கே நின்றாலும் அந்த மீற்றரை நம்ப வேண்டாம்.

ஏர்த் பற்றிப் படகுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லொறியில், வானில் எல்லா இரும்பும் ஏர்த். மீற்றரின் கறுப்பு வயரைப் பக்கத்தில் உள்ள ஆணியில் கட்டினாலே வேலை செய்யும். பைபர் போட்டில் அப்படி ஒரு இரும்பு இல்லை. மீற்றரின் மைனஸிலிருந்து பற்றரி மைனஸ் வரை வயர் ஓட வேண்டும், எஞ்சின் உடம்பிலிருந்தும் ஓட வேண்டும். லொறி வேலை பழகிய நல்ல மெக்கானிக்மாரும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். செண்டரின் ஏர்த் அதன் புரி வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றி முறுக்கினால் சில நேரம் அந்தத் தொடர்பே விட்டுப் போகும். முறுக்கிய பிறகு செண்டர் உடம்புக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவே ஓம் பாருங்கள், பூச்சியம் வர வேண்டும்.

டேப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நுனிப் புரியிலிருந்தே சுற்றினால் கிழிந்த துண்டு ஒயில் வழிக்குள் போகும். முதல் புரியை வெறுமையாக விட்டுச் சுற்றுங்கள். திரவ சீலன்ட் கிடைத்தால் அதுவே மேல். முறுக்கும்போது ஸ்பனரை அறுகோணத் தலையில் மட்டும் போடுங்கள். இடம் காணாது என்று டப்பாவைப் பைப் ரென்ச்சால் பிடித்துத் திருகினால், மடித்து அடைத்த தகர விளிம்பு அசைந்து அங்கேயே ஒயில் வடியத் தொடங்கும்.

புரிதான் கடைசியாக வரும் பெரிய வில்லங்கம். ஜப்பான் எஞ்சின்களில் அநேகமாக பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் பைப் புரிக் குடும்பத்து எட்டில் ஒன்று அங்குலக் கூம்புப் புரி, ஓர் அங்குலத்துக்கு 28 புரி. கடையில் மீற்றரோடு சேர்த்து விற்கும் செண்டர்களில் அதிகமாக இருப்பது என்பிடி என்ற அமெரிக்கப் பைப் புரி, ஓர் அங்குலத்துக்கு 27. ஐரோப்பிய எஞ்சின்களில் 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடையும் உள்ள நேர்ப்புரி வருவதுண்டு. மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பிழையானது இரண்டு மூன்று சுற்று நன்றாகவே போகும். பிறகு இறுகும். "சரியா இறுகிட்டு" என்று விட்டுவிடுவார்கள். அல்லது பலம் போட்டு இன்னும் திருகுவார்கள், புளொக்கின் வார்ப்பு வெடிக்கும். பழைய செண்டரையும் புதியதையும் புரியோடு புரி பொருந்த முட்ட வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு புரி விடாமல் பல்லோடு பல் உட்கார்ந்தால் ஒன்று. முனையில் எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் வேறு. வேறாக இருந்தால் இடையில் போடும் அடப்டர் புஷ் இருக்கிறது, கல்முனையில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து எடுப்பிக்கலாம். கூம்புப் புரி தானே இறுகி அடைக்கும். நேர்ப்புரி அடைக்காது, அதற்குச் செப்பு வொஷர் வேண்டும்.

ஒரே ஓட்டையில் சுவிட்சையும் செண்டரையும் போட பித்தளை டீ ஒன்று வாங்கி, அதில் நிப்பிள் வைத்து, அதன் நுனியில் கனமான செண்டரைத் தொங்க விடுவார்கள். எஞ்சின் நடுங்க நடுங்க அந்தச் செண்டர் சம்மட்டி போல ஆடும். ஒரு நாள் பித்தளை கழுத்தோடு முறியும். அந்த ஓட்டை வழியாகப் பம்பு முழு ஒயிலையும் சில நிமிடத்தில் படகின் அடிக்குக் கொட்டிவிடும். பிரஷரைக் காப்பாற்ற வைத்த சாமானே எஞ்சினைக் கொல்லும். இது நான் கண்ணால் கண்டது, பொத்துவில் பக்கம் கரையிலிருந்து வெகுதூரத்தில் நின்ற படகு. அதற்குப் பிறகு நான் டீயை எஞ்சினில் வைப்பதில்லை. ஒயிலுக்கென்று செய்த, கம்பி பின்னிய வளையும் ஹோஸ் ஒன்றை ஓட்டையிலிருந்து எடுத்து, டீயையும் செண்டரையும் எஞ்சின் அறைச் சுவரில் ஆடாமல் பூட்டுகிறேன். சுவர் பைபர், ஆகவே செண்டர் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ஏர்த் வயர் கட்டாயம். மறந்தால் ஐரோப்பிய ஊசி மேலே ஒட்டும், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பெரிய போட்டுகளில் 24 வோல்ட் இருக்கும். மீற்றர் 24க்கு உரியதாக இருக்க வேண்டும், 12 வோல்ட் மீற்றரை அப்படியே கொளுவினால் சூடேறிப் போய்விடும். செண்டருக்கு அந்தப் பேதம் பெரும்பாலும் இல்லை. எஞ்சின் அறையில் ஒரு மீற்றரும் சுக்கான் அறையில் ஒரு மீற்றரும் வேண்டும் என்றால் ஒரே சாதாரணச் செண்டரிலிருந்து இரண்டுக்கும் வயர் இழுக்காதீர்கள், இரண்டும் பிழையாகக் காட்டும். இரட்டை மீற்றருக்கென்று பாதி ஓமில் செய்த செண்டர் தனியாக வருகிறது.

எல்லாம் பொருத்திய பிறகு எத்தனை பார் சரி என்று கேட்பார்கள். உங்கள் எஞ்சினின் புத்தகத்தில் உள்ளதுதான் சரி. பொதுவாகச் சிறிய, நடுத்தர டீசல்களில் சூடேறிய பிறகு ரேஸில் 3, 4 பார், ஸ்லோவில் 1 பாருக்குக் குறையாமல் நிற்பதைக் காண்கிறேன். ஆனால் எண்ணைவிடப் பழக்கம் முக்கியம். உங்கள் ஊசி குளிரில் எங்கே, சூட்டில் எங்கே, ஸ்லோவில் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருந்தால், அது இடம் மாறுகிற அன்றைக்கு உடனே தெரியும். மாரியில் கடல் எழும்பும்போது போட் புரளப் புரள ஊசி துடித்தால், ஒயில் குறைந்து பம்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. ஒயில் ஊற்றாமலே டிப் குச்சியில் மட்டம் கூடியிருந்தால் டீசல் அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. டீசலை மணத்தில் பிடிக்கலாம். தண்ணீர் என்றால் ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு வரும். இரண்டிலும் எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, மீற்றரா அலாரமா என்று கேட்டால் தயங்காமல் அலாரம் என்பேன். இரவில் வலையைப் போட்டுவிட்டு நான்கு பேரும் தளத்தில் படுத்திருக்கும்போது மீற்றரை யார் பார்ப்பது? எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கிற பெரிய அலாரம் ஒன்றைத் தளத்திலேயே வையுங்கள். சாவி போட்டதும் அது கத்தவில்லை என்றால், கத்தும் வரை கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

காக்காவுக்கு அன்று மாலையே 10க்கு 180, 5 பார் தட்டுள்ள மீற்றர் ஒன்றை எடுத்து மாற்றினேன். நின்ற எஞ்சினில் பூச்சியம், ஸ்டார்ட்டில் எழும்பியது, ரேஸில் மெக்கானிக்கல் கேஜோடு ஒத்து 4. மீற்றருக்குக் கீழே பலகையில் மார்க்கரால் எழுதினேன்: செண்டர் 10–180, 5 பார், 12 வோல்ட், வயர் அறுந்தால் ஊசி மேலே. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "கடசி வரிய இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க தம்பி, ராவையில பொடியனுகளுக்கும் தெரியணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் விடிய ஐஸ் ஏற்றிக்கொண்டு போனார்கள்.